அறுபத்து நாலாவது தொட்டி

இது நடந்தது. பேயாவது பிசாசாவது என்று சிரிக்கிறவர்களோடு மருதுபாண்டி சண்டைக்கு வரமாட்டான். அவனும் அப்படிச் சிரித்துக்கொண்டு திரிந்தவன்தான். ராத்திரி வேலை பார்க்கிறவனுக்குத் தூக்கம்தான் எதிரி, பேய்க்கெல்லாம் நேரம் கிடையாது என்பான். 1997 வைகாசியில் ஒரு ராத்திரி வரைக்கும் அப்படிச் சொன்னான். அதற்குப் பிறகு சொல்வதில்லை.

பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷத்தோடு நின்றுபோனவன் மருது. டிராயிங் பேப்பரைத் தவிர எல்லாவற்றிலும் அரியர். அருப்புக்கோட்டையில் திருச்சுழி ரோட்டில், ஒரு காலத்தில் பஞ்சு மூட்டை அடுக்கிய பழைய கிட்டங்கியின் மாடியில் ஜாபேஸ் என்பவன் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். பகலில் அங்கே பிள்ளைகள் படிக்க வரும். ராத்திரி அதே மெஷினில் கட்டட வரைபடங்கள் போடுவார்கள். அந்த ராத்திரி ஆள் மருது.

அந்த வருஷம் திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களுக்குக் குடிதண்ணீர்த் தொட்டி கட்டும் வேலையை தனுஷ்கோடி என்ற காண்ட்ராக்டர் எடுத்திருந்தார். அனுமதி அறுபத்து நான்கு ஊருக்கு. தொட்டி எல்லாம் ஒரே அச்சு. நாலு கால், மேலே உருண்டைத் தொட்டி, கீழே குழாய் மேடை. ஒரு படம் வரைந்து அதையே அறுபத்து நாலாக நகல் எடுத்தால் போதும். வித்தியாசமெல்லாம் வலது பக்கக் கீழ் மூலையில் இருக்கும் கட்டத்தில்தான். டைட்டில் பிளாக் என்பார்கள். ஊர்ப் பேர், சர்வே நம்பர், கட்டுகிற கம்பெனி, தேதி. படத்துக்கு ஜாதகம் அந்தக் கட்டம்தான். அதில் உங்கள் ஊர்ப் பேர் இருந்தால் உங்களுக்குத் தண்ணீர். இல்லையென்றால் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

மருதுவின் ஊர் கொக்கூரணி. எம்.ரெட்டியபட்டியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஊரணி பேரில்தான் இருந்தது. கல்யாணமாகி நாலாம் மாதம் அவன் பெண்டாட்டி கனகலட்சுமி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலவனத்தத்தில் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். தினமும் பம்புசெட்டுக்காரன் வாசலில் குடத்தோடு நின்று, அவன் மோட்டார் போடுகிறவரை அவன் பேசுகிற பேச்சைக் கேட்க அவளால் முடியவில்லை.

"ஒங்க மேல கோவம் இல்ல," என்றாள் பஸ் ஏறும்போது. "ஒங்க ஊரு மேலதான். டேங்கு கட்டுனதும் சொல்லி விடுங்க, வாரேன்."

"கட்டலேன்னா?"

"நீங்க பாலவனத்தம் வாங்க. எங்கப்பா வீட்டுல கொழா இருக்கு."

மாமனார் வீட்டில் போய் உட்கார மருதுவுக்கு மனசில்லை. தனுஷ்கோடியின் வண்டிக்கு முன்னால் மூன்று நாள் நின்றான். "அறுபத்து மூணு ஊரு முடிஞ்சிருச்சுப்பா. கடைசி ஒன்னு காலியாக் கெடக்கு. போட்டுக்க. எவனாச்சும் கேட்டா நான் சொல்லல," என்றார் அவர். அறுபத்து நாலாவது படத்தில் தன் ஊர்ப் பேரை மருது தானே அடித்தான். அடித்துவிட்டு அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

படங்களெல்லாம் முடிந்து மதுரைக்குப் பிரிண்ட் போகிற சமயத்தில்தான் வந்தது வினை. தனுஷ்கோடி மருமகன் பேரில் புதுக் கம்பெனி ஆரம்பித்துவிட்டார். எல்லாப் படத்திலும் கம்பெனிப் பேரும் தேதியும் மாற வேண்டும்.

"எல்லாத்துலயுமாண்ணே?" என்றான் மருது.

"ஒரு படத்துல பழைய பேரு இருந்தாலும் மொத்தக் கட்டையும் திருப்பி எறிஞ்சிருவாங்களாம்லே," என்றான் ஜாபேஸ். "எண்ணிக்கையும் சரியா இருக்கணும். படத்தையெல்லாம் பிளாப்பியில போட்டு காலையில மொத பஸ்ஸுல மதுரைக்குக் குடுத்து விடணும்."

"இத நேத்தே சொல்றதுக்கென்ன?"

"நேத்து அவருக்கு மருமகன் மேல கோவம். இன்னிக்கு ராசியாயிட்டாரு. நான் என்னலே பண்ண?"

ஒவ்வொரு படமாகத் திறந்து மாற்றினால் விடிந்தாலும் முடியாது. அதற்கு ஒரு வழி உண்டு. ஸ்கிரிப்ட் என்று ஒரு கட்டளைக் கோப்பை எழுதிவிட்டால், அதுவே வரிசையாக ஒவ்வொரு படத்தையும் திறக்கும், சொன்ன கட்டத்தை மட்டும் மாற்றும், சேமித்து மூடும், அடுத்ததற்குப் போகும். மனுஷன் சும்மா உட்கார்ந்து பார்த்தால் போதும். கரண்ட் இருந்தால்.

இரண்டு தடவை கரண்ட் போனது. யூ.பி.எஸ். என்று ஜாபேஸ் வாங்கி வைத்திருந்த பெட்டி பத்து நிமிஷம் கீச் கீச்சென்று கத்திவிட்டு உயிரை விட்டுவிடும். இரண்டு தடவையும் பாதியில் நின்றுபோக, முதலிலிருந்து ஆரம்பித்தான். விசிறி ஓடவில்லை. கிட்டங்கியில் பஞ்சுத்தூசி. மெஷினையும் ஜாபேஸையும் மருமகனையும் மாற்றி மாற்றித் திட்டினான்.

இந்தத் தொல்லை போதாதென்று ஆட்கள் வேறு. ஊர்ப் பேர்களெல்லாம் ஜாபேஸ் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று எப்படியோ ஊருக்கு ஊர் தெரிந்துபோயிருந்தது. அந்த மாதம் முழுவதும் ஆள் மாற்றி ஆள் படியேறி வந்தார்கள். 'எங்க ஊரு பேரு ஏறிருச்சா?' வீரசோழனிலிருந்து வந்தவர் கேட்டார். சினிமா விட்டு வந்தவன் கேட்டான். மருது முதலில் தேடிப் பார்த்துச் சொன்னான். பிறகு சலித்துப்போய், எந்த ஊர் என்றுகூடக் கேட்காமல், 'ஏறிருச்சு, போங்க' என்று சொல்லப் பழகிக்கொண்டான். எந்த ஆபீஸிலும் சொல்கிறதுதானே. சந்தோஷமாகப் போய்விடுவார்கள்.

மூன்றாவது ஓட்டம் பதினோரு மணிக்கு முடிந்தது. கடைசியில் திரையில் எண்ணிக்கை வந்தது.

அறுபத்தைந்து.

மருது கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். ஒரு படம் கூடுதலாக இருந்தது. திறந்தான். அதே தொட்டி, அதே நாலு கால். டைட்டில் பிளாக்கில் இங்கிலீஷ் எழுத்தில் ஊர்ப் பேர்: தவசியேந்தல். அதற்கென்று ஒரு சர்வே நம்பரும் இருந்தது.

அது அவன் போட்ட படமில்லை. சென்டரில் இருந்த போனில் ஜாபேஸ் வீட்டுக்குப் போட்டான்.

"தவசியேந்தலா? அப்படி ஒரு ஊரே கெடையாதே," என்றான் ஜாபேஸ் தூக்கக் கலக்கத்தில். "பகல்ல படிக்கிற பிள்ளைக எதையாவது நோண்டியிருக்கும். அழிச்சிட்டுப் போயிரு."

அழித்தான். எண்ணிப் பார்த்தான். அறுபத்து நான்கு. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை ஸ்கிரிப்டை ஓடவிட்டான். படங்கள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின. எண்ணிக்கை சரியாக இருந்தது. ஆனால் நடுவில் ஒரு படம் மூடும்போது கண்ணில் ஏதோ பட்டது. திரும்பத் திறந்தான்.

அது பனையூர்ப் படம். கோப்பின் பேர் பனையூர்தான். டைட்டில் பிளாக்கில்... தவசியேந்தல்.

கையால் திருத்தினான். சேமித்தான். அடுத்த படத்தைத் திறந்தான். அதில் தவசியேந்தல். அதைத் திருத்தினான். அது சரியாகிவிட்டது. இன்னொன்றில் வந்து உட்கார்ந்தது. ஈயை விரட்டுகிற கதைதான். இங்கே அடித்தால் அங்கே. ஊர்ப் பேரைத் தொடச் சொல்லி ஸ்கிரிப்டில் ஒரு வரிகூட இல்லை. வரிவரியாகப் படித்துவிட்டான். இல்லை.

"எவன்டா அது," என்று மேஜையைக் குத்தினான். பயமில்லை. எரிச்சல்தான். நாளைக்குப் பஸ் போய்விடும், தொட்டி போய்விடும், கனகலட்சுமி போய்விடுவாள் என்ற எரிச்சல்.

அப்போது மறுபடி கரண்ட் போனது. யூ.பி.எஸ். கத்த ஆரம்பித்தது.

படியில் யாரோ ஏறி வருகிற சத்தம் கேட்டது.

ஒரு ஆள்தான், மெதுவாக ஏறியது. செருப்பில்லாத கால். கதவுக்கு வெளியே வந்து நின்றது.

"அய்யா..."

வயசான பொம்பளைக் குரல். தொண்டை வறண்டு கிடந்தது.

"ஆபீஸு காலையிலதான்," என்றான் மருது திரும்பாமலே.

"காலையில வர ஏலாதுய்யா... எங்க ஊரு பேரு ஏறிருச்சா?"

"ஏறிருச்சு, போங்க."

"ஏறிருச்சாய்யா?"

"ஏறிருச்சும்மா! அதான் சொல்றேன்ல. போய்த் தூங்குங்க."

"சத்தியமா?"

"சத்தியமா ஏறிருச்சு. தண்ணி வரும். போங்க."

பிறகு இறங்கிப் போகிற சத்தம். மருது விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

ஏறி வந்தது ஒரு ஆள். இறங்கினது ஒரு ஆளில்லை. பத்து... இருபது... கால்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. சின்னப் பிள்ளைகள் தத்தித் தத்தி இறங்குகிற சத்தமும் கேட்டது. முடியவே இல்லை. அந்தப் படிக்கட்டு மொத்தமே பதினெட்டுப் படி.

அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. கீழே கம்பிக் கதவைப் பூட்டியது அவன்தான். சாவி மேஜை மேல், அவன் டீ கிளாஸுக்குப் பக்கத்தில் கிடந்தது.

ஜன்னலுக்குப் போனான். ரோடு நிலா வெளிச்சத்தில் வெறிச்சென்று கிடந்தது. ஒரு நாய்கூட இல்லை.

திரும்பினான்.

யூ.பி.எஸ். கத்துவதை நிறுத்தி எவ்வளவு நேரமோ. செத்துப்போயிருந்தது. தெருவில் ஒரு விளக்கு இல்லை. விசிறி நின்றிருந்தது.

திரை எரிந்துகொண்டிருந்தது.

அதில் ஒரு படம் தானாகத் திறந்தது. வட்டு கரகரவென்று முனகியது. திரையில் மவுஸுக்கான குறுக்குக்கோடு நகர்ந்து... வலது பக்கம்... கீழே... மூலைக்குப் போனது.

கொக்கூரணி.

கடைசி எழுத்து மறைந்தது. அதற்கு முந்தின எழுத்து. அதற்கு முந்தினது...

மருது பாய்ந்து போய் விசைகளை அடித்தான். ஒரு எழுத்து அடித்தால் இரண்டு எழுத்து அழிந்தது. மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினான்.

திரை அணையவில்லை.

"அது எங்க ஊரு!" என்று கத்தினான். "எங்க ஊரும்மா அது!"

எழுத்துகள் அழிந்தன. கட்டம் காலியானது.

"வேற ஊர எடுத்துக்கங்க..." என்றான். "வேற எதையாவது எடுத்துக்கங்க... இத விட்டுருங்க..."

பின்கழுத்தில் காற்றுப் பட்டது. காய்ந்த காற்று. வாய் திறந்து விடுகிற மூச்சு.

கதவுக்கு வெளியே இல்லை அந்தக் குரல். அவன் தோளுக்குப் பின்னால்.

"நீதானய்யா சொன்ன."

காலையில் ஜாபேஸ் வந்தபோது கம்பிக் கதவு உள்பக்கமாகப் பூட்டியே இருந்தது. மருது மேல் படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கரண்ட் வந்துவிட்டிருந்தது. இரண்டு பேருமாக எல்லாப் படத்தையும் திறந்து பார்த்தார்கள். அறுபத்து நான்கு. கம்பெனிப் பேர் மாறியிருந்தது, தேதி மாறியிருந்தது, ஊர்ப் பேரெல்லாம் அதது இடத்தில் இருந்தது. கடைசிப் படத்தில் கொக்கூரணி.

"வேல முடிஞ்சிருக்குல்ல? பெறகு ஏன்லே பேயறஞ்ச மாதிரி இருக்க?" என்றான் ஜாபேஸ்.

மருது சொன்னான். ஜாபேஸ் சிரிக்கவில்லை. பிளாப்பிகளைப் பஸ்ஸில் கொடுத்துவிட்டு, சாயங்காலமே சர்ச்சிலிருந்து நாலு பேரைக் கூட்டிவந்து ஜெபம் பண்ணினான். யூ.பி.எஸ். மட்டும் அதற்குப் பிறகும் சரியாகவில்லை.

தொட்டிகள் ஒவ்வொரு ஊராக எழும்பின. கொக்கூரணிக்கு ஒரு செங்கல்கூட வரவில்லை. ஐப்பசி போய்த் தை வந்தது. தனுஷ்கோடியைப் போய்ப் பார்த்தான்.

"எல்லாம் கட்டி முடிச்சு சாவியும் குடுத்தாச்சேப்பா," என்றார் அவர். "அறுபத்து நாலும் எந்திருச்சு நிக்கிது. கடைசித் தொட்டி கட்டுன மேஸ்திரிய வேணா கேளு."

மேஸ்திரி இன்பராஜ் சாத்தான்குளத்துக்காரர். இந்தப் பக்கம் தெரியாதவர். மதுரையில் அச்சடித்த படத்தை எடுத்துக் காட்டினார். மூலையில் தவசியேந்தல் என்று இருந்தது. பிளாப்பியில் போனது வேறு. அச்சில் வந்தது இது. ஆபீஸில் யாரும் பேரைப் படிக்கவில்லை. எண்ணிக்கையைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

"அங்க ஊரே இல்லையேண்ணே," என்றான் மருது.

"ஊரு இல்லாமயா?" என்றார் இன்பராஜ். "ஊர்க்காரங்கதானே எடம் காட்டுனாங்க. பொழுது எறங்குனா அம்பது அறுபது பேரு வந்து நிப்பாங்க. பொம்பளைங்க, பிள்ளைங்க... ஒரு வார்த்த பேச மாட்டாங்க. தொட்டிக் கால் எழும்புறதப் பாத்துக்கிட்டே நிப்பாங்க. ஒரு வாய் டீத்தண்ணி தந்ததில்ல போங்க, அப்படி ஒரு ஊரு."

மருது சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தான். கொக்கூரணியிலிருந்து இரண்டு மைல். சுற்றிலும் அவன் இதுவரை நுழைந்து பார்க்காத சீமைக்கருவேலங்காடு. உள்ளே முழங்கால் உயரத்துக்குக் கரைந்துபோன மண்சுவர்கள். நடுவில், சுண்ணாம்பு அடித்து, வெள்ளை வெளேரென்று தொட்டி.

ஆபீஸில் மனுக் கொடுத்தான். உங்கள் ஊருக்கான தொட்டிதான் அது, அங்கே போய்ப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று முடித்துவிட்டார்கள். மோட்டார் போடுவதற்கு மாரிக்கனி என்று பக்கத்து ஊர்க்காரரைச் சம்பளத்துக்கு வைத்தார்கள்.

கனகலட்சுமிக்கு ஆள் சொல்லி அனுப்பினான். வந்துவிட்டாள்.

"ரெண்டு மைலா? இருக்கட்டும்," என்றாள். "எவன் பேச்சையும் கேட்க வேண்டாம்ல."

விடிகிற நேரத்தில் குடத்தோடு சைக்கிளில் போனார்கள். குழாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுநாளும் அப்படியே. ராத்திரி நிறைத்து வைத்த தொட்டி, விடியும்போது சொட்டு இல்லாமல் கிடந்தது. கசிவா என்று வந்து பார்த்தார்கள். ஒரு விரிசல் இல்லை. குழாயெல்லாம் இறுக்க மூடியிருந்தது.

மூன்றாம் நாள் கனகலட்சுமி குழாயைத் தொடவில்லை. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இங்க பாருங்க."

மேடையைச் சுற்றி மண் ஈரமாக இருந்தது. ஈரத்தில் பள்ளங்கள். பிளாஸ்டிக் குடம் வைத்தால் தட்டையாக வளையம் விழும். எவர்சில்வர் குடத்துக்கும் அப்படித்தான். இவை கிண்ணம் மாதிரி உருண்டையாகக் குழிந்திருந்தன. அடி உருண்ட மண்பானை வைத்தால்தான் அப்படிக் குழியும். அந்தப் பக்கத்தில் மண்பானையில் தண்ணீர் எடுப்பதை யாரும் பார்த்தே தலைமுறையாகிறது.

ஒன்றன்பின் ஒன்றாக, வரிசையாக, குழாயடியிலிருந்து கருவேலங்காட்டுக்குள் போயின. கரைந்த சுவர்கள் வரைக்கும்.

குழிகளில் இன்னும் தண்ணீர் நின்றது.

கனகலட்சுமி குடத்தைக் கவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். சைக்கிளில் ஏறினாள். "பஸ் ஸ்டாப்புல எறக்கி விடுங்க," என்றாள். அந்தக் குடம் பாலவனத்தம் போனது. மாசம் திரும்புவதற்குள் மருதுவும் போனான். மாமனார் வீட்டில்தான் இருக்கிறான்.

போவதற்கு முதல் நாள் சாயங்காலம், மாரிக்கனியைப் பார்த்துக் கேட்டான். "தெரிஞ்சே எதுக்குண்ணே தெனமும் நெறைக்கிறீக?"

"நெறைக்கத்தான் சம்பளம். யாரு குடிக்கிறான்னு பாக்குறது என் வேல இல்ல." மாரிக்கனி பீடியைப் பற்றவைத்தார். "நூறு வருசத்துக்கு முந்தி, தாது வருசப் பஞ்சத்துல இந்த ஊருக் கெணறு வத்திப்போச்சாம். சனம் மூட்டையக் கட்டிக்கிட்டுக் கெளம்பிருச்சு. அன்னைக்குன்னு பாத்து, குதிரையில ஒரு அதிகாரி வந்தாராம். எங்க ஊரு பேரு எழுதியாச்சாய்யான்னு கேட்டுருக்காக. அவருக்கு என்ன அவசரமோ... எழுதியாச்சு, கஞ்சி வருது, தண்ணி வருது, யாரும் போகாதீகன்னுட்டுப் போயிட்டாரு."

"பெறகு?"

"பெறகென்ன. யாரும் போகல. தண்ணி வரும்னு காத்துக்கிட்டே இருந்தாக."

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. மாரிக்கனி பாதிப் பீடியைக் காலில் தேய்த்து அணைத்துவிட்டு, எழுந்து போய் மோட்டாரைப் போட்டார்.